பூனை சின்னப் புலியா?

"பூனை ஒரு சிறிய புலி, புலி ஒரு பெரிய பூனை." இந்த வாக்கியத்தை நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! பள்ளி வகுப்பிலும், சிறுவர் நூல்களிலும், விலங்கியலை எளிய தமிழில் சொல்ல முன்வரும் கட்டுரைகளிலும் இது ஏதாவது ஒரு வடிவத்தில் வந்து நிற்கிறது. நினைவில் எளிதில் தங்குகிறது. வீட்டு அடுப்பங்கரையில் சுருண்டு கிடக்கும் பிராணியையும் ஆனைமலைக் காட்டில் உலாவும் பிராணியையும் ஒரே கயிற்றால் கட்டிவிடுகிறது. படிப்பவருக்கு ஒரு சிறு வியப்பும் கிடைக்கிறது.

எனினும், விஞ்ஞானத்தை எளிமைப்படுத்தும் ஒவ்வொரு வாக்கியத்திடமும் நாம் இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது. அது சொல்வது எவ்வளவு தூரம் உண்மை? அது நம் கண்ணிலிருந்து எதை மறைக்கிறது? இவ்விரு கேள்விகளையும் இந்தப் புகழ்பெற்ற வாக்கியத்திடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நம் கொங்கு நாட்டு மேட்டாங்காடுகளில் வாழும் ஒரு பிராணியின் நலம் இதில் அடங்கியிருக்கிறது என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

வாக்கியத்தின் நிறை

முதலில் நியாயமாக, இந்த ஒப்பீட்டின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுவோம். பூனையும் புலியும் ஒரே விலங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. இன்று உலகில் பூனைக் குடும்பத்தில் 41 இனங்கள் இருப்பதாக விலங்கியலார் கணக்கிடுகின்றனர். அவை அனைத்திற்கும் பொதுவான உடலமைப்பு ஒன்று உண்டு.

உங்கள் வீட்டுப் பூனை கொட்டாவி விடும்போது அதன் வாயைக் கவனியுங்கள். வளர்ந்த பூனைக்குப் பற்கள் 30. புலிக்கும் 30தான். உணவை அரைப்பதற்கான தட்டையான கடைவாய்ப்பற்கள் இரண்டிற்கும் இல்லை. கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல இறைச்சியை வெட்டும் பற்களே உண்டு. நாக்கில் அரம் போன்ற முட்கள் உண்டு. நகங்கள் வேண்டும்போது வெளியே வரும். வேண்டாதபோது உள்ளே மடங்கிக் கூர் மழுங்காமல் காக்கப்படும்.

இன்னும் நுட்பமான ஒற்றுமை ஒன்றும் இருக்கிறது. இனிப்பை உணரத் தேவையான ஒரு மரபணு வீட்டுப் பூனையிடம் செயலற்றுப் போயிருப்பதை 2005ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். புலியிடமும் அதே நிலைதான். ஆகவே, பாயசப் பாத்திரத்தைப் பூனை நக்கினால் அது தேடுவது பாலையும் நெய்யையுமே. சர்க்கரை அதன் நாக்குக்கு ஒன்றுமேயில்லை.

இவ்வளவையும் ஒரே வரியில் நினைவூட்டுவதால் அந்த வாக்கியத்தைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. குறை அடுத்த படியில்தான் தொடங்குகிறது. "ஒரே குடும்பம்" என்பதிலிருந்து "நெருங்கிய உறவு" என்பதற்கு அது நம்மை ஒரே தாவலில் கொண்டுபோய்விடுகிறது.

95.6 என்னும் எண்

இந்தத் தாவலுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புள்ளிவிவரமும் துணைக்கு வந்துவிட்டது. 2013ஆம் ஆண்டில், தென்கொரிய ஆராய்ச்சியாளர் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வில் புலியின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. அது வீட்டுப் பூனையின் மரபணுத் தொகுதியோடு 95.6 விழுக்காடு ஒத்திருப்பதாக ஆய்வு கூறியது. உடனே உலகெங்கும் பத்திரிகைகள், "உங்கள் வீட்டுப் பூனை 95.6 விழுக்காடு புலி" என்று எழுதின. அந்த வரி மொழிபெயர்ப்பாகித் தமிழுக்கும் வந்து, பழைய வாக்கியத்திற்குப் புதிய சான்றாக நிற்கிறது.

ஆனால், அதே ஆய்வில் வேறோர் ஒப்பீடும் தரப்பட்டிருந்தது. மனிதனும் கொரில்லாக் குரங்கும் 94.8 விழுக்காடு ஒத்திருக்கின்றனர் என்பதே அது. அந்த எண் அவ்வளவாக யார் காதிலும் விழவில்லை! இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 95.6 விழுக்காட்டினால் பூனை ஒரு சின்னப் புலி ஆகுமானால், ஏறத்தாழ அதே அளவினால் நாம் ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கொரில்லா ஆகிவிடுவோம். இதை ஒப்புக்கொள்ள நம்மில் யாரும் முன்வரமாட்டோம் அன்றோ?

காலக் கணக்கும் இதையே காட்டுகிறது. புலியின் முன்னோரும் வீட்டுப் பூனையின் முன்னோரும் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தனித்தனி வழியில் பிரிந்தன. மனிதனின் வழியும் கொரில்லாவின் வழியும் பிரிந்தது, அந்த ஆய்வின் கணக்குப்படி, ஏறத்தாழ 88 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். அதாவது, பூனைக்குப் புலி எவ்வளவு தூரமோ, அதைவிட நமக்குக் கொரில்லா சற்று நெருக்கம்! விழுக்காட்டு எண் ஒன்று தனியாக வந்து நின்றால் அதை நம்பிவிடக் கூடாது. "எதனோடு ஒப்பிட்டு?" என்று கேட்பதே விஞ்ஞான மாணவனுக்கு அழகு.

கண்ணும் குரலும் இரையும்

உடலின் அளவை மட்டும் மாற்றினால் பூனை புலியாகிவிடாது என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது கண். நண்பகல் வெளிச்சத்தில் பூனையின் கண்பாவை செங்குத்தான கீற்றாகச் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புலிக்கு அப்படியன்று; மனிதனுக்கு உள்ளதுபோல் வட்டமாகவே சுருங்கும். கீற்றுப் பாவையுடைய, பதுங்கிப் பாயும் விலங்குகள் பெரும்பாலும் தோள் உயரம் 42 செ.மீ.க்கும் குறைந்தவை என்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தரைக்கு அருகில் கண்ணை வைத்துக்கொண்டு பாய்ச்சல் தூரத்தைக் கணிக்கும் குட்டையான விலங்குக்குச் செங்குத்துக் கீற்று உதவி செய்கிறது. உயரமான விலங்குக்கு அந்த நன்மை குறைவு.

இரண்டாவது குரல். புலி உறுமும், முழங்கும். பூனை நம் மடியில் படுத்துக்கொண்டு 'குர்ர்' என்று தொடர்ந்து ஒலிக்கும். நாக்கின் அடியில் உள்ள எலும்பு பூனைக்கு முழுவதும் எலும்பாகவும் புலிக்கு ஒரு பகுதி நெகிழும் நாராகவும் இருப்பதே காரணம் என்று பழைய பாட நூல்கள் கூறி நிறுத்திவிடும். அதில் உண்மை உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. பனிச்சிறுத்தைக்கும் அந்த நெகிழும் நார் உண்டு. ஆயினும் அது முழங்குவதில்லை. முழங்கும் விலங்குகளின் குரல்வளையில் உள்ள நீண்ட, தடித்த மடிப்புகளும் சேர்ந்தே அந்தப் பேரொலியை உண்டாக்குகின்றன.

மூன்றாவது, மிக முக்கியமானது, இரை. புலி தன் எடைக்கு நிகரான, சில வேளைகளில் தன்னிலும் பெரிய, மானையும் காட்டெருதையும் வீழ்த்துகிறது. பூனையோ தன்னைவிட மிகச் சிறிய எலி, ஓணான், குருவி ஆகியவற்றைப் பிடிக்கிறது. உடல் எடை ஏறத்தாழ 20 கிலோவைத் தாண்டும் ஊனுண்ணிகள் எலி போன்ற சிறு இரையை மட்டும் நம்பி வாழ்வது கடினம். ஓடிப் பிடிக்கும் செலவுக்கு வரவு கட்டுவதில்லை. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் உண்டு: அது வேட்டையாடும் விலங்கு மட்டுமன்று, வேட்டையாடப்படும் விலங்கும்கூட. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துச் சிறுத்தைக்குப் பூனையும் ஓர் உணவுதான்.

பூனை இடுக்குகளைத் தேடி ஒளிவதும், சிறு ஓசைக்கும் திடுக்கிடுவதும், உயரத்தில் ஏறி உட்காருவதும் இந்த இரட்டை வாழ்வின் விளைவுகள். காட்டின் அரசனைச் சிறிதாக்கி வைத்த உருவம் என்று அதை நினைப்பவர், அதன் குணத்தில் பாதியைப் புரிந்துகொள்ளவே முடியாது.

பங்காளி யார்?

அப்படியானால் பூனைக்கு உண்மையில் நெருங்கிய உறவு யார்? நம் ஊர் உறவுமுறையிலேயே சொல்லிப் பார்ப்போம்.

பூனைக் குடும்பத்தை விலங்கியலார் எட்டுக் கிளைகளாகப் பிரிக்கின்றனர். முதலில் பிரிந்துபோன கிளையில் புலி, சிங்கம், சிறுத்தை, பனிச்சிறுத்தை முதலியவை உள்ளன. கடைசியாகப் பிரிந்த இரண்டு கிளைகள் நமக்கு முக்கியமானவை. ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வாழும் சிறுத்தைப்பூனையின் கிளை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும், ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ எடையே உள்ள செம்புள்ளிப் பூனையும் இதில் அடங்கும். மற்றது வீட்டுப் பூனையின் கிளை. 'ஃபெலிஸ்' என்னும் பேரினம். இவ்விரு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஃபெலிஸ் பேரினத்துக்குள் இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கியதோ ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான்.

அந்த ஃபெலிஸ் பேரினத்தில் நம் கோவைச் சமவெளியில் காட்டு நிலையில் வாழும் இனம் ஒன்று இருக்கிறது. நாம் காட்டுப்பூனை என்று அழைக்கும் பிராணியே அது. விலங்கியலார் அதற்கு இட்ட பெயர் ஃபெலிஸ் காவுஸ். இதுவே வீட்டுப் பூனைக்குப் பங்காளி. சிறுத்தைப்பூனை சற்று விலகிய சொந்தம். புலி? பல தலைமுறைக்கு முன் ஒரே ஊரிலிருந்து கிளம்பிப் போனவர்கள் என்று சொல்லலாம், அவ்வளவே.

இதற்குக் கண்கூடான சோதனை ஒன்று உண்டு. வீட்டுப் பூனைக்கும் காட்டுப்பூனைக்கும் கலப்புக் குட்டிகள் பிறக்கக்கூடும். பூனைக்கும் புலிக்கும் அது நடவாது.

வேங்கை வேட்டைக்காரர்களின் கதைகளில் மயங்கிய நமக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டிற்கு எட்டு விலங்குகள் கொண்டுவரப்பட்டன. அவற்றைச் சிலர் சிறுத்தை என்றும் சிலர் சிவிங்கிப்புலி என்றும் எழுதினர். இரண்டு பெயருமே அதைப் புலி, சிறுத்தைகளின் பக்கம் தள்ளுகின்றன. உண்மையில் சிவிங்கி, அமெரிக்கக் கண்டத்துப் பூமாவின் கிளையைச் சேர்ந்தது. அது புலிக்கும் சிறுத்தைக்கும் உள்ள உறவைவிட வீட்டுப் பூனைக்கே நெருங்கிய உறவு. தோற்றம் ஒன்று சொல்கிறது, வம்சாவளி வேறொன்று சொல்கிறது. பெயர் வைப்பவர் தோற்றத்தை மட்டும் பார்த்துவிடுகிறார்.

ஒரு சொல்லால் வந்த பிழை

இந்த இடத்தில் நம் தமிழ் விஞ்ஞான எழுத்தின் மீது ஒரு குறையை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். "வீட்டுப் பூனை காட்டுப்பூனையிலிருந்து வந்தது" என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. இதைப் படிக்கும் கோவை மாணவன் என்ன நினைப்பான்? தன் ஊர்க் கரும்புத் தோட்டத்தில் திரியும் காட்டுப்பூனையையே நம் முன்னோர் பிடித்துப் பழக்கினர் என்றுதான் நினைப்பான். அது தவறு.

வீட்டுப் பூனையின் மூதாதை வேறோர் இனம். அதற்கு ஃபெலிஸ் லிபிகா என்று பெயர். ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழ்வது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 979 பூனைகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு இதனை உறுதி செய்தது. ஆங்கிலத்தில் இவ்விரு இனங்களுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் மொழிபெயர்த்தவர் இரண்டையுமே காட்டுப்பூனை என்று எழுதியதால் இரண்டு பிராணிகள் ஒன்றாகிவிட்டன. அது போதாதென்று, வீட்டிலிருந்து ஓடிப்போய்த் தோட்டத்தில் திரியும் சாதாரணப் பூனையையும் காட்டுப்பூனை என்கிறோம். ஆக, ஒரு சொல்லின் தலையில் மூன்று சுமைகள்!

புனுகுப் பூனை என்ற பெயர் இன்னும் மோசம். அது பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. நம்மவர் மரநாய் என்று அழைக்கும் பிராணியும் அதன் உறவினமே, அது நாயுமன்று. மரநாய்க்குப் பற்கள் 40, பழமும் தின்னும். ஒரே உறவுக் கூட்டத்தில் ஒன்றைப் பூனை என்றும் மற்றொன்றை நாய் என்றும் அழைத்துவிட்டோம்!

மனிதனோடு பூனை சேர்ந்த வரலாறும் நாம் நினைப்பதுபோல் நேர்கோடு அன்று. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதப் புதைகுழியின் அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். தானியம் சேர்த்த இடத்தில் எலி சேர்ந்தது; எலி சேர்ந்த இடத்திற்குப் பூனை வந்தது.

சீனாவில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே 5,000 ஆண்டுகளுக்கு முன் உழவர் ஊர்களில் வாழ்ந்த பூனைகளின் எலும்புகளை 2016ஆம் ஆண்டில் அளந்து பார்த்தபோது, அவை லிபிகா இனம் அல்ல, சிறுத்தைப்பூனை என்று தெரிந்தது. நம் மலைக்காட்டில் மனிதர் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழும் அதே இனம், சீன உழவரின் களத்து மேட்டில் எலி பிடித்துக்கொண்டிருந்தது! ஆயினும் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை. இன்று சீன வீடுகளில் உள்ளவை லிபிகாவின் வழிவந்த பூனைகளே. அருகில் வாழ்வது வேறு, வீட்டு விலங்காவது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

வெருகு என்னும் பழைய பெயர்

பெயரில்தான் குழப்பம் என்றால், நம் மொழியில் நல்ல பெயர் இல்லையா? இருக்கிறது. வெருகு என்பதே அது. சங்க நூல்களில் வரும் இச்சொல்லுக்கு உரைகாரர்கள் காட்டுப்பூனை என்று பொருள் தருகின்றனர். தொல்காப்பியத்தின் மரபியல், குட்டி என்னும் இளமைப்பெயர் பெறும் விலங்குகளுள் எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் சேர்க்கிறது.

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர் வெருகை இரண்டு பாடல்களில் காட்டுகிறார். 139ஆம் பாடலில், மாலை நேரத்தில் வீட்டு வேலியருகே வெருகுகள் வந்துவிட்டதை உணர்ந்த பெட்டைக் கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. 220ஆம் பாடலில், மழை பெய்து வளர்ந்த வரகுப் புனத்தின் பக்கத்தில் பூக்கும் முல்லையின் அரும்புகளுக்கு வெருகின் பல்வரிசை உவமையாகிறது.

இந்த இரு காட்சிகளையும் விலங்கியல் கண்ணோடு படித்துப் பாருங்கள். நேரம், அந்தி. இடம், ஊர் வேலியும் மானாவாரி நிலமும். அடர்ந்த காடு எங்கும் இல்லை! காட்டுப்பூனையின் வாழிடத்தையும் அது இரை தேடும் வேளையையும் அப்பாடல்கள் சரியாகவே சொல்லியிருக்கின்றன.

மேட்டாங்காட்டின் பூனை

காடு என்றால் நகரத்தார் மனத்தில் பெருமரங்கள் அடர்ந்த வனம் தோன்றும். கொங்கு நாட்டு உழவர், "காட்டுக்குப் போய் வருகிறேன்" என்றால் சோளக்காட்டுக்குப் போகிறார் என்று பொருள். மழையை நம்பிய மேட்டு நிலம் மேட்டாங்காடு. காங்கயம், தாராபுரம் பகுதியில் கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் காங்கயம் மாடுகள் மேயும் நிலம் கொறங்காடு. இந்தக் கொங்குப் பொருளில் எடுத்துக்கொண்டால் மட்டுமே காட்டுப்பூனை என்ற பெயர் மிகப் பொருத்தமாகிறது. அது புல்வெளி, புதர், நாணல், கரும்பு, சோளம் ஆகியவற்றின் பூனை. ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரில் உள்ள 'ஜங்கிள்' என்ற சொல்லும், மரம் குறைந்த வறண்ட நிலத்தைக் குறிக்கும் ஜாங்கலம் என்ற வடசொல்லிலிருந்து பிறந்ததே.

இதற்கு நல்ல விஞ்ஞானச் சான்றும் உண்டு. பின்னாளில் கோவை ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி மையத்தில் பணியாற்றிய ஷோமிதா முகர்ஜி, பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் முதலியோர், இந்தியாவின் காட்டுப்பூனைகளையும் சிறுத்தைப்பூனைகளையும் மரபணு வழியே ஒப்பிட்டு 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறுத்தைப்பூனைகள் வட இந்தியச் சிறுத்தைப்பூனைகளிடமிருந்து துண்டுபட்டு நிற்பதையும், காட்டுப்பூனைகளிடம் அத்தகைய பிளவு இல்லாமல் மரபணு வேறுபாடு செழித்திருப்பதையும் அவர்கள் கண்டனர். இடையில் உள்ள வெப்பமும் வறட்சியும் மிக்க சமவெளி, ஒன்றுக்குச் சுவர்; மற்றொன்றுக்குச் சாலை!

அது செய்யும் வேலையையும் பாருங்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஷோமிதா முகர்ஜியும், தமிழகத்தின் புகழ்பெற்ற வனவிலங்கு அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங்கும் பிறரும் செய்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகளைத் தின்கிறது. நீங்களே கணக்குப் போடுங்கள். 3 என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். கோழிக்குஞ்சு இரண்டைத் தூக்கியது நமக்கு நினைவிருக்கிறது. தின்றுபோன ஆயிரம் எலிகள் கணக்கில் வருவதில்லை.

தவறான பெயருக்கு விலை

இப்போது நம் முதல் வாக்கியத்திற்குத் திரும்புவோம். பூனையைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் புலியையே சுட்டிக் காட்டினோம். அதனால் நடுவில் இருப்பவை மறைந்துபோயின. புலி உலாவும் இடம் காப்பகமாகிறது. சத்தியமங்கலம் காடுகள் 2013ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயின, அது மகிழத்தக்கதே. வெருகு உலாவும் மேட்டாங்காட்டுக்கோ 'தரிசு' என்று பெயர். தரிசு என்றால் வீணாகக் கிடப்பது. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம்.

கரும்பு வெட்டும்போது வயலில் குட்டிகள் அகப்பட்டால், "சிறுத்தைக் குட்டி!" என்று ஊர் கூடிவிடும். பல வேளைகளில் அவை காட்டுப்பூனைக் குட்டிகளே. அச்சத்தாலோ அன்பாலோ அவற்றைத் தூக்கிச் சென்றுவிடுகின்றனர். தாய் இரவில் வந்து தேடும். விட்ட இடத்திலேயே விட்டு விலகினால் அவள் கவ்வி எடுத்துப் போவாள். காட்டுப்பூனை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் பிராணி. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றமாகும்.

மற்றொரு ஆபத்து மெதுவாக வருவது. பங்காளி என்பதால் வீட்டுப் பூனையின் நோய்கள் காட்டுப்பூனையையும் தொற்றக்கூடும். இரத்தக் கலப்பும் நேரக்கூடும். ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனைக்கு இதுதான் நடந்தது. வீட்டுப் பூனைகளோடு கலந்து கலந்து, கலப்பற்ற காட்டுப்பூனை அங்கே தன்னளவில் நிலைக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டதாக 2019ஆம் ஆண்டில் வல்லுநர்கள் அறிவித்தனர். வளர்ப்பில் பிறந்த குட்டிகளை 2023ஆம் ஆண்டில் மலைப்பகுதியில் விடத் தொடங்கி, இழந்ததை மீட்க முயல்கின்றனர். புலிக்கு வீட்டுப் பூனையால் இத்தகைய கேடு இல்லை. நெருங்கிய உறவுக்குத்தான் இந்தக் கேடு. சின்னப் புலி என்ற ஒப்பீட்டால் இந்த உண்மையை விளக்கவே முடியாது.

நீங்கள் அடையாளம் காணலாம்

மாலையில் தோட்டத்து வரப்பில் ஒரு பூனையைக் கண்டால் நான்கு அடையாளங்களைப் பாருங்கள். கால்கள் வீட்டுப் பூனைக்கு உள்ளதைவிட நீளமா? வால் குட்டையாக, பின்னங்காலின் முழங்கு வரையே தொங்கி, நுனிப் பக்கம் கருவளையங்களோடு இருக்கிறதா? காது நுனியில் சிறு கருமயிர்க் கற்றை தெரிகிறதா? உடலில் புள்ளிகள் இல்லாமல் மணல் நிறமாக, கால்களில் மட்டும் மங்கிய பட்டைகள் உள்ளனவா? நான்கும் பொருந்தினால் நீங்கள் காண்பது வெருகு. உடலெங்கும் புள்ளிகளும் நீண்ட வாலும் இருந்தால் சிறுத்தைப்பூனையாக இருக்கலாம். முகம் கூர்மையாக நீண்டிருந்தால் அது பூனையே அன்று, மரநாய் வகை.

கண்ட நாள், நேரம், இடம், பயிர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு வகுப்பு மாணவர் அனைவரும் ஓராண்டு இப்படிக் குறித்தால், உங்கள் ஊர் மேட்டாங்காட்டில் எது வாழ்கிறது என்று உங்களால் சொல்ல முடியும். தரிசு என்று யாராவது சொல்லும்போது மறுக்கவும் முடியும்.

எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூனைக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது புலியைச் சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஃபெலிஸ் காவுஸுக்கு வெருகு என்ற பெயரைக் கொடுங்கள். மூதாதையான லிபிகாவை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்று வேறுபடுத்துங்கள். ஓடிப்போன வீட்டுப் பூனையைத் திரிபூனை என்றோ வேறு தக்க பெயராலோ அழையுங்கள். "பூனை ஒரு சிறிய புலி" என்ற வரிக்கு மாற்றாக இப்படி எழுதிப் பாருங்கள்: "பூனைக்குப் புலி தூரத்துச் சொந்தம், வெருகு பங்காளி." அதுவும் சிறிய வாக்கியமே. நினைவிலும் நிற்கும். அதைப் படிக்கும் மாணவன் தன் ஊர்க் கிளுவை வேலியின் பக்கம் ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பான்.